சார்ந்து வராதவை

திசையன்கள் சிலவற்றைத் தந்து, அவற்றுள் நேரியல் சார்பற்றவை எவை என்று கேட்கும் வினா, நேரியல் இயற்கணிதம் படிப்பவர் எவரையும் விட்டுவைப்பதில்லை. விடை காணும் வழி ஒன்றும் கடினமானதன்று. அதற்குப் பின்னர் வருவோம். விடைக்கு முன்னே வினாவின் சொற்களைக் கையிலெடுத்துப் பார்க்கும் ஆசை, சொல்லைச் சுவைக்கும் உங்களுக்கும் இருக்கும் என்று நம்புகிறேன். திசையன், நேரியல், சார்பு: மூன்றும் கணிதத்துக்குக் குடிபெயர்ந்த சொற்கள். எங்கிருந்து வந்தன, வரும்போது எதைக் கொண்டுவந்தன, வந்த இடத்தில் எதை இழந்தன என்று தேடிப்போனால், கடைசியில் நம் இலக்கண நூல்களின் வாசலிலேயே போய் நிற்கிறோம்.

முதலில் திசையன். ஐரோப்பியர் இதை வெக்டர் என்கிறார்கள். சுமத்தல், ஏற்றிச் செல்லுதல் என்னும் பொருளுடைய 'வெஹெரே' என்ற இலத்தீன் வினையின் வழி வந்த பெயர் அது. வெக்டர் என்றால் சுமந்து செல்வோன். வானியலார் கதிரவனிலிருந்து கோளுக்கு ஒரு கோடு வரைந்து, அந்தக் கோடுதான் கோளைச் சுமந்துகொண்டு சுற்றுகிறது என்ற கற்பனையில் அதற்குச் 'சுமக்கும் ஆரை' என்னும் பொருளில் பெயரிட்டிருந்தார்கள். 1843 அக்டோபர் 16 அன்று டப்ளின் நகரத்துக் கால்வாய்க் கரையில் மனைவியுடன் நடந்துகொண்டிருந்த வில்லியம் ரோவன் ஹாமில்டனுக்கு நான்கு உறுப்புடைய புதுவகை எண்களின் விதி பளிச்சிட்டது. அதைப் பாலத்துக் கல்லில் கீறியும் வைத்தார். அவ்வெண்ணின் ஒரு பகுதிக்குப் பெயர் தேடியபோது வானியலாரின் ஆரையைக் கழற்றிவிட்டுச் சுமப்பதை மட்டும் வைத்துக்கொண்டார். எஞ்சிய பகுதிக்கு ஏணி என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து ஸ்கேலார் என்று பெயரிட்டார், அதன் மதிப்புகள் ஓர் ஏணியின் படிகளைப்போல் கீழிருந்து மேலாக ஒரே வரிசையில் அமைவதால்.

இச்சொல் தமிழுக்கு வந்த கதை இரண்டு. தமிழ்நாட்டில் பாடநூல்கள் வெக்டர் என்று ஒலிபெயர்த்தும் எழுதின, திசையன் என்று ஆக்கியும் எழுதின. அளவோடு திசையும் உடையது ஆகையால் திசையன். திசை இல்லாதது திசையிலி. அறிவிலி, வாலிலி என்பவற்றின் வார்ப்பில் அமைந்த திசையிலி கேட்பதற்கு இனியது. ஆனால் ஹாமில்டன் தம் ஏணியால் சுட்டிய ஒன்றை நாம் இல்லாமையால் சுட்டுகிறோம் என்பதையும் கவனியுங்கள். திசையனின் அன் விகுதியோ இன்னும் சுவையானது. கடுவன், வலியன் என விலங்குக்கும் பறவைக்கும் அது வந்திருக்கிறது. ஒரு கணிய அளவைக் கதிரவன், இளையன்போல் ஆளாக்கி நிறுத்தியது நம் காலத்தின் துணிவு.

ஈழத்தார் வேறு வழி போனார்கள். அவர்கள் பாடநூலில் வெக்டரின் பெயர் காவி. இக்கரையில் இச்சொல்லைக் கேட்பவருக்குத் துறவியின் துணிதான் கண்ணில் தெரியும். அந்தக் காவி வேறு, இது வேறு. காவுதல் என்பது தோளில் சுமத்தல்; காவுகிற தண்டுக்குக் கா என்று பெயர். சங்கப் பாணர் தம் இசைக்கருவிகளை இருபுறமும் தொங்கவிட்டுத் தோளில் ஏந்திச் சென்றது அந்தக் காவில்தான். முருகன் அடியார் தோளில் காவடியாக அது இன்றும் ஆடுகிறது. யாழ்ப்பாணத்தில் குடத்தைக் காவிக்கொண்டு வா என்றால் குழந்தைக்கும் புரியும். ஆக, இலத்தீன் சொல்லின் வேர்ப்பொருளை அப்படியே ஏந்திக்கொண்ட சொல் அது. நோயைச் சுமந்து பரப்பும் கொசுவையும் உயிரியலார் வெக்டர் என்கிறார்கள். தமிழில் அது நோய்க்காவி. கணிதத்தின் அம்புக்குறியும் கழிநீரின் கொசுவும் ஒரு வேரில் பிறந்தவை என்பதைத் திசையன் என்ற சொல் காட்டாது, காவி காட்டும். என்னைக் கேட்டால், இரண்டில் காவியே கூர்மையான ஆக்கம். இக்கரையில் அது வழங்காமல் போனதற்குத் துணியின் நிறம் ஒன்றே காரணமாக இருந்துவிடக் கூடாது.

ஆனால் இதைச் சொல்லும்போதே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். திசையும் சரி, சுமையும் சரி, இன்றைய இயற்கணிதத்தில் இரண்டுக்கும் வேலை இல்லை. 1888-இல் இத்தாலியரான பியானோ, கூட்டவும் எண்ணால் பெருக்கவும் இடம்தரும் எந்தத் தொகுதியையும் ஒரே விதிகளின்கீழ் கொண்டுவந்தார். அதன்பின் பல்லுறுப்புக் கோவையும் திசையன்தான், சைன் வளைவும் திசையன்தான், ஐந்து எண்களை வரிசையாக எழுதிய ஒரு பட்டியலும் திசையன்தான். பல்லுறுப்புக் கோவைக்குத் திசை ஏது? பொருள் கழன்றுபோன பின்னும் பெயர் நிற்கிறது, எள்ளை மறந்து எல்லா நெய்க்கும் வழங்குகிற 'எண்ணெய்' என்னும் சொல்லைப்போல.

அடுத்தது நேர். இது சின்னஞ்சிறு சொல்; ஆனால் அதன் குடும்பம் பெரிது. கோணலின்மை நேர், ஒப்பு நேர், எதிர்ப்படுதலும் நேர்தல், உடன்படுதலும் நேர்தல், தெய்வத்துக்கு வாக்களிப்பதும் நேர்தல். யாப்பில் முதலில் நிற்கும் அசையும் நேர். ஐரோப்பியரின் லீனியர் என்னும் சொல்லைப் பிரித்தால் உள்ளே கோடு இருக்கிறது; கோட்டைப் பிரித்தால் நூல் இருக்கிறது; நூலைப் பிரித்தால் ஆளிச்செடியின் நார். லீனும் என்றால் இலத்தீனில் ஆளிச்செடி. அதன் நாரில் முறுக்கிய நூல் லீனியா, நூலை இழுத்துப் பிடித்தால் விழுவது கோடு. நூல் பிடித்தாற்போல என்று நாமும் சொல்கிறோம். மரத்தின் கோணலைத் தச்சனின் நூல் காட்டித் தீர்ப்பதையும் மனத்தின் கோணலை ஏட்டு நூல் தீர்ப்பதையும் ஒரே சொல்லில் முடிந்துவைத்த நன்னூல் பாயிரத்தை உங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

கணிதத்தில் நேரியல் என்பதன் பொருள் இறுக்கமானது. எண்ணால் பெருக்கலாம், ஒன்றோடொன்று கூட்டலாம்; இவ்விரண்டைத் தவிர வேறெதுவும் செய்யக் கூடாது. தம்மைத்தாமே பெருக்கிக்கொள்வதற்கோ ஒன்றை மற்றொன்றால் பெருக்குவதற்கோ இடமில்லை. இதையே ஒருபடி என்றும் சொல்வர். படி என்பது இங்கே அடுக்கின் அளவு. X என்றால் ஒருபடி, அதன் வர்க்கம் என்றால் இருபடி. இந்தப் படியை மறக்காமல் வைத்திருங்கள், இன்னோரிடத்தில் தேவைப்படும்.

இனி நம் பெயரின் நெஞ்சுப்பகுதி: சார்.

ஐரோப்பிய மொழிகள் இங்கே தொங்குகின்றன. டிபெண்ட் என்பதற்குள் இருப்பது பெண்டேரே, தொங்குதல் என்னும் இலத்தீன் வினை. ஊசலாடும் பெண்டுலமும் கழுத்தில் தொங்கும் பெண்டென்டும் அதன் உடன்பிறப்புகள். செருமானியர் அதைத் தம் மொழியில் உரித்து, தொங்குதலைக் குறிக்கும் ஹேங்கன் என்னும் தம் சொல்லாலேயே உன்அப்ஹேங்கிக் என்று ஆக்கிக்கொண்டார்கள். அவர்களுக்குச் சார்பின்மை என்பது மேலிருந்து தொங்காமை. தமிழுக்கோ அது பக்கத்தில் சாயாமை. தொங்குவதற்கு மேலே ஒன்று வேண்டும், கயிறு அறுந்தால் விழுந்துவிடும். சாய்வதற்கு அருகே ஒன்று இருந்தால் போதும். மலையை ஒட்டிய பக்கம் சாரல். அங்கே காற்றோடு சாய்ந்து விழும் மழைக்கும் குற்றாலத்தார் தந்த பெயர் சாரல். வீட்டுச் சுவரை ஒட்டிச் சாய்வாக இறக்கும் கூரை சார்ப்பு. ஒருவரை அண்டி வாழ்வோர் சார்ந்தோர். பதிவாளருக்கு அடுத்த நிலையில் இருப்பவர் சார்பதிவாளர். அண்மை, ஒட்டு, சாய்வு, பற்றுக்கோடு என்று பொருள் படிப்படியாக விரிந்த இச்சொல்லில் மேல்கீழ் குறைவு, அருகிருத்தல் மிகுதி. இந்த வேறுபாடு வெறும் அழகுக்கன்று என்பது பின்னால் தெரியும்.

மெய்ப்பொருள் பேசுவோரும் இச்சொல்லை விட்டுவைக்கவில்லை. திருக்குறளின் மெய்யுணர்தல் அதிகாரத்தில் ஒரு குறள் சார்பை உணர்வதையும் சார்பு கெடுவதையும் அடுக்கி விளையாடுகிறது. பேதைமை முதலாக ஒன்றை அண்டி ஒன்று தோன்றும் பௌத்தத்தின் பன்னிரண்டு நிதானங்களை மணிமேகலை பன்னிரு சார்பு என்கிறது. சார்பு என்றால் ஒன்று இருப்பதனால் இன்னொன்று இருத்தல் என்ற பொருள் அக்காலத்திலேயே இவ்வளவு தெளிவாக வடிக்கப்பட்டுவிட்டது.

ஆனாலும் கணிதத்துக்கு மிக அருகே வந்தவர்கள் இலக்கணிகள்தாம். தொல்காப்பியர் எழுத்து முப்பது என்கிறார், சார்ந்து வரும் மரபினையுடைய மூன்று நீங்கலாக. குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம் என்னும் அம்மூன்றும் தனித்து இயங்கமாட்டா. பிற எழுத்தை அண்டியே ஒலிக்கும். நன்னூலார் காலத்தில் இப்பிரிவு விரிந்து முதலெழுத்து, சார்பெழுத்து என்று பெயரும் நிலைபெற்றது. சார்பெழுத்து பத்து வகை. அவற்றின் விரி 369. அந்த 369-இல் 216 உயிர்மெய். பன்னிரண்டு உயிரும் பதினெட்டு மெய்யும் கையிலிருந்தால் 216-ஐயும் நாமே ஆக்கிக்கொள்ளலாம் என்பதால் அவற்றை முதலில் வைக்கத் தேவையில்லை என்று நன்னூலார் கருதியிருக்கலாம். எது தேவை, எதை மற்றவற்றிலிருந்து வருவித்துக்கொள்ளலாம் என்று ஒரு தொகுதியைச் சலித்தெடுப்பது தானே நம் திசையன் வினாவும்? சலித்தபின் நிற்பவை முப்பது. சார்ந்து வருபவை 369. அடிப்படைத் தொகுதி ஒன்றைப் பிரித்தெடுக்கும் இந்தப் பழக்கம் நம் மொழியின் அரிச்சுவடியிலேயே இருந்தது. ஆகவே கலைச்சொல் ஆக்கியோர் இச்சொல்லை எடுத்தபோது புதிதாக ஒன்றும் கடன்வாங்கவில்லை. வீட்டில் இருந்த பாத்திரத்தையே எடுத்தார்கள்.

எடுத்ததை எதிர்மறையாக்குவதில்தான் கைகள் வேறுபட்டன. புள்ளியியலில் ஈழத்தார் சாரா நிகழ்ச்சி என்றார்கள்; இங்கே சார்பிலா நிகழ்ச்சி என்றார்கள். மாறிகளைப் பேசும்போது இங்கும் சாரா மாறிதான். திசையன்களுக்கு வரும்போது சார்பற்ற என்றும் சார்பின்மை என்றும் வருகிறது. நான்கும் ஒரே பொருள் என்று அகராதி சொல்லும். காது அப்படிச் சொல்லாது. சாரா என்பது ஈறு கெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். அதில் செயல் இல்லை என்கிறோம், இன்றும் சாராது, என்றும் சாராது. சார்பிலா என்பதில் சார்பு என்னும் பொருள் ஒன்று இல்லை. சார்பின்மை அந்த இல்லாமையையே ஒரு பண்பாக்கிப் பெயரிடுகிறது. சார்பற்ற என்பதோ வேறு நிறம். அறுதலில் ஒரு வெட்டு இருக்கிறது. முன்பு ஒட்டியிருந்தது, இப்போது அறுபட்டது. மதச்சார்பற்ற அரசு என்னும்போது அந்த அறுப்பு நமக்குக் கேட்கத்தான் செய்கிறது. ஆகையால், திசையன் தொகுதியின் பண்பைச் சொல்லுமிடத்தில் சார்பின்மையும், தேவையற்றவற்றைக் கழித்துக் கழித்து எஞ்சியதைச் சொல்லுமிடத்தில் சார்பற்றவையும் பொருந்தும் என்று நான் பிரித்துக்கொள்வேன். பாடநூல்கள் இப்படிப் பிரிப்பதில்லை, பிரித்தால் இழப்பில்லை. விடுதலை, தன்னுரிமை என்னும் அரசியற் சொற்கள் இப்பக்கம் வராததும் நன்றே. நேரியல் விடுதலை என்று எழுதியிருந்தால் வகுப்பறையில் சிரிப்பு அடங்கியிராது.

பெயரை விட்டுப் பொருளின் பிறப்பிடத்துக்குப் போனால், அங்கேயும் ஒரு சொல்லாராய்ச்சியாளரே உட்கார்ந்திருக்கிறார் என்பது இக்கட்டுரை எழுதும் எனக்குப் பெருமகிழ்ச்சி. ஹெர்மன் கிராஸ்மன் 1809-இல் ஸ்டெட்டினில் பிறந்தவர். இன்று அவ்வூர் போலந்தில் இருக்கிறது. வாழ்நாளின் பெரும்பகுதி பள்ளி ஆசிரியர். 1844-இல் அவர் எழுதிய விரிவுக் கோட்பாட்டு நூலில் இன்றைய நேரியல் இயற்கணிதத்தின் கருக்கள் பலவும் கிடந்தன. நூலை வாங்குவார் இல்லை. ஏறத்தாழ அறுநூறு படிகள் கழிவுத்தாளாகிப் போயின. 1862-இல் அதையே முற்றிலும் புதிதாக எழுதினார், அதுவும் உரிய கவனம் பெறவில்லை. கணிதம் கைவிட்ட மனிதரை மொழி ஏற்றுக்கொண்டது. 1863-இல் வடமொழிக்கும் கிரேக்கத்துக்கும் பொதுவான ஓர் ஒலி விதியை அவர் நிறுவினார். இன்றும் மொழியியலார் அதைக் கிராஸ்மன் விதி என்றே அழைக்கிறார்கள். அடுத்தடுத்த அசைகளில் இரண்டு மூச்சொலிகள் வந்தால் முந்தியது தன் மூச்சை இழந்து மெலியும் என்பது அவ்விதி. தமிழெழுத்தில் இதற்கு எடுத்துக்காட்டே எழுத முடியாது, ஏனெனில் மூச்சுள்ள பகரமும் மூச்சில்லாப் பகரமும் நமக்கு ஒன்றே. 1870-இல் செருமானியச் செடிகொடிப் பெயர்களைப் பற்றி ஒரு நூல். 1873 தொடங்கி ரிக்வேதத்துக்கு ஓர் அகராதி, பின்னர் அவ்வேதத்தின் மொழிபெயர்ப்பு. 1876-இல் ட்யூபிங்கன் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது. மறு ஆண்டு மறைந்தார்.

இந்த மனிதர் 1862 நூலில் நம் பொருளுக்கு என்ன பெயரிட்டார் என்று பார்க்க வேண்டும். ஓர் அளவு, பிற அளவுகளை எண்களால் பெருக்கிக் கூட்டிய தொகையாக வருமானால் அது அவற்றிலிருந்து வருவிக்கப்பட்டது என்கிறார். அதற்கு அவர் எடுத்த வினை ஆப்லைட்டன். ஒரு சொல்லிலிருந்து இன்னொரு சொல் பிறப்பதைக் குறிக்கச் செருமானிய இலக்கணிகள் வழங்கும் வினையும் அதுவே. வாய்க்காலில் நீரைப் பிரித்து நடத்திச் செல்வது அதன் முதற்பொருள். ஒரு தொகுதியில் ஏதேனும் ஒன்று மற்றவற்றிலிருந்து இப்படி வருமானால், அவற்றுக்கிடையே எண்ணுறவு இருக்கிறது என்பது அவர் வழக்கு. எண்ணுறவு! எண்ணும் உறவும் சேர்ந்த எளிய தொடர். சார்பு என்ற சொல் பின்னர்தான் பரவி அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. எண்ணுறவு போனதில் எனக்கு வருத்தம் உண்டு. காரணத்தைச் சொல்வதற்குமுன் வினாவை ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுவோம்.

ஐந்து திசையன்களை எடுத்துக்கொள்ளுங்கள்: (1, 2, 1), (2, 4, 2), (0, 1, 1), (1, 3, 2), (1, 0, 1). இவற்றுள் சார்பற்றவை எவை? ஒவ்வொன்றையும் ஒரு நிரலாக, அதாவது மேலிருந்து கீழாக எழுதி ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் ஓர் அணி கிடைக்கிறது.

1 2 0 1 1
2 4 1 3 0
1 2 1 2 1

எழுதியதும் சொற்கள் மறுபடி மொய்க்கின்றன. படுக்கை வரிசை நிரை. வெட்சியார் கவர்ந்த ஆநிரையும் யாப்பின் நிரையசையும் இதே நிரை. ஆக, நேரும் நிரையும் என்று யாப்பின் இரண்டு அசைகளும் ஒரே பாடத்தில் கூடிவிட்டன. நிற்கும் வரிசை நிரல். நிரல்நிறை அணியில் பெயர்களும் வினைகளும் முறைமாறாது நிற்பதை அறிந்தவருக்கு அந்தப் பெயரும் புதிதன்று. முழுக் கட்டமும் அணி. படையின் அணிவகுப்பு, செய்யுளின் அணி, கழுத்தின் அணி, ஆட்டக்காரர் பதினொருவரின் அணி என எங்கும் ஒழுங்குபடுத்தி நிறுத்துவதே அதன் உயிர். 1850-இல் மேட்ரிக்ஸ் என்று முதலில் பெயரிட்ட சில்வெஸ்டருக்கு அது கருப்பை. ஒரு கட்டத்திலிருந்து பல அணிக்கோவைகள் பிறப்பதைக் கண்டு தாயின் பெயரைத் தந்தார். ஈழத்துப் பாடநூல் அதைத் தாயம் என்கிறது. பகடைத் தாயமும் பங்குரிமைத் தாயமும் நினைவில் வந்தாலும், தாய் என்னும் ஒலி முன்னே நிற்பதால் சில்வெஸ்டரின் உள்ளத்துக்கு அது மிக அருகில் இருக்கிறது.

இனி வேலை. இரண்டாம் நிரையிலிருந்து முதல் நிரையின் இருமடங்கைக் கழியுங்கள். மூன்றாவதிலிருந்து முதல் நிரையைக் கழியுங்கள். பிறகு மூன்றாவதிலிருந்து புதிய இரண்டாவதைக் கழியுங்கள். நிற்பது இது:

1 2 0 1 1
0 0 1 1 −2
0 0 0 0 2

ஒவ்வொரு நிரையின் தொடக்கத்திலும் சுழியங்கள் கூடிக்கொண்டே போய், முதலில் வரும் சுழியல்லாத உறுப்பு வலப்புறமாக நகர்கிறது. இதற்கு ஏறுபடி வடிவம் என்று பெயர். ஐரோப்பியரின் எஷலான் என்ற சொல்லும் பிரெஞ்சு வழியாக ஏணி என்னும் அதே இலத்தீன் சொல்லுக்கே போகிறது. ஹாமில்டன் திசையிலிக்குச் சாத்திய அதே ஏணியில் கணிதர்கள் தெரியாமலே இரண்டாம் முறையும் ஏறியிருக்கிறார்கள். நம் பக்கத்தில் ஒருபடியும் ஏறுபடியும் ஒரே படி. படிகள் தொடங்கும் இடங்கள் முதலாம், மூன்றாம், ஐந்தாம் நிரல்கள். எனவே தொடக்கத் தொகுதியின் முதலாம், மூன்றாம், ஐந்தாம் திசையன்களை எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது, முதலாவதின் இருமடங்கு. நான்காவது, முதலாவதையும் மூன்றாவதையும் கூட்டினால் வருவது. எடுத்த மூன்றையும் எந்த எண்களால் பெருக்கிக் கூட்டினாலும், எல்லா எண்களும் சுழியமானாலன்றி, விடை சுழியம் ஆகாது. அதுவே சார்பின்மையின் வரையறை. எடுத்தவற்றின் எண்ணிக்கையாகிய மூன்று, அணியின் தரம்.

(சுழியத் திசையன் ஒன்றைப் பற்றி ஒரு சொல். அது தன்னந்தனியே நின்றாலும் சார்ந்ததுதான், எந்த எண்ணால் பெருக்கினாலும் சுழியமே வருவதால். சாய்வதற்கு யாருமில்லாமலே சாய்ந்து நிற்கும் ஒரே பொருள் அது.)

இப்போது அதே ஐந்தையும் தலைகீழ் வரிசையில், கடைசியிலிருந்து முன்னோக்கி எழுதி, அதே வேலையைச் செய்யுங்கள். இம்முறை தேர்வாகி நிற்பவை ஐந்தாவது, நான்காவது, மூன்றாவது. முதலில் தேறிய (1, 2, 1) இப்போது கழிபட்டுவிட்டது, நான்காவதிலிருந்து மூன்றாவதைக் கழித்தால் அது வந்துவிடுவதால். சற்று முன் சார்ந்தது என்று தள்ளிய நான்காவது இப்போது சாராதவர் வரிசையில் இருக்கிறது. அப்படியானால் எது எதைச் சார்ந்தது? இந்த இடத்தில் சார்பெழுத்தின் நினைவு நம்மை ஏமாற்றிவிடும். குற்றியலுகரம் எந்நாளும் சார்பு. ககர மெய் எந்நாளும் முதல். வரிசையை மாற்றி எழுதினால் இடம் மாறுவதில்லை. திசையன்களில் அந்தப் பிறப்புரிமை இல்லை. முதலாவது, மூன்றாவது, நான்காவது ஆகிய மூன்றையும் இணைக்கும் உறவு ஒன்று இருக்கிறது, அவ்வளவே. எவற்றை முதலாக வைத்துக்கொண்டு எதைச் சார்பென்று தள்ளுவது என்பது நம் விருப்பம். சார்பு தனித்திசையன்மேல் ஒட்டிய பெயர்ச்சீட்டன்று, தொகுதிக்கு உரிய பண்பு. கிராஸ்மனின் எண்ணுறவு இதைத் தெளிவாகச் சொன்னது: உறவு என்றால் அதில் இருப்போர் அனைவருக்கும் பொது. மேலிருந்து தொங்குவதாகச் சொல்லும் ஐரோப்பியச் சொல் இதைச் சொல்லத் தவறுகிறது, ஏனெனில் தொங்குவதும் தாங்குவதும் இடம் மாற மாட்டா. அருகருகே சாய்ந்து நிற்றலைச் சொல்லும் நம் சார்பு, சார்பெழுத்தின் நிழலை மட்டும் விலக்கிவிட்டுப் பார்த்தால், மெய்க்கு அணித்தே நிற்கிறது.

எடுக்கப்படுபவை மாறலாம், எண்ணிக்கை மாறாது. எந்த வரிசையில் தொடங்கினாலும் மூன்றுதான். இதற்கு அடியில் கிடப்பது ஒன்றை எடுத்து அதன் இடத்தில் இன்னொன்றை வைக்கலாம் என்னும் மாற்றீட்டு விதி. இன்று ஸ்டைனிட்ஸ் பெயரால் வழங்கினாலும் கிராஸ்மனின் 1862 நூலிலேயே அது இருக்கிறது. எடுக்கப்பட்டுத் தளமாய் நிற்பவற்றை பேசிஸ் என்பார்கள். கிரேக்கத்தில் அது அடியெடுத்து வைத்தல், பிறகு அடிவைக்கும் பீடம். தமிழில் அடிப்படை என்றால் காலடி அப்படியே உள்ளே இருக்கிறது. அடுக்களம் என்று எழுதுவோரும் உண்டு. களத்தில் அடுக்கி வைத்தது என்று அதற்குப் பொருள் சொல்லிக்கொள்ளலாம்தான். எனினும் அடுக்களையின் தாளிப்பு மணம் வராமல் அச்சொல்லை என்னால் வாசிக்க முடிந்ததில்லை.

ஒரு சிறு குழப்பத்தையும் மறைப்பானேன். பள்ளிக் கணிதத்தில் சார்பு என்றால் ஃபங்ஷன். x-ஐச் சார்ந்து y மாறுவதால் அப்பெயர், அதுவும் தக்கதே. ஆனால் நேரியல் சார்பு என்று எழுதிவிட்டால் அது நேர்கோடாய் வரையப்படும் ஃபங்ஷனா, திசையன்களின் ஒட்டுறவா என்று இடம்பார்த்தே அறிய வேண்டியிருக்கிறது. எதிர்மறையில் இத்தொல்லை இல்லை, சார்பின்மை என்று எவரும் ஃபங்ஷனைச் சொல்வதில்லை. உடன்பாட்டில் நேரியல் சார்ந்தமை என்று எழுதினால் குழப்பம் தீரும். ஒரு மை சேர்க்கும் செலவுதான்.

1935-இல் அமெரிக்கரான ஹாஸ்லர் விட்னி இன்னும் ஓர் எட்டு வைத்தார். திசையன்களையும் எண்களையும் முற்றிலும் கழற்றிவிட்டுச் சார்பு என்னும் உறவை மட்டும் தனியே வைத்தால் எஞ்சுவது என்ன என்று கேட்டார். சார்பற்ற தொகுதியில் சிலவற்றை நீக்கினாலும் எஞ்சியது சார்பற்றதே; சிறிய சார்பற்ற தொகுதியைப் பெரியதிலிருந்து ஒன்றை எடுத்து வளர்க்கலாம். இந்த விதிகள் மட்டும் போதும் என்றார். வலைப்பின்னல் ஒன்றின் இணைப்புகளில் சுற்று விழாமல் எடுத்த தொகுதிகளும் இவ்விதிகளுக்கு உட்படும் என்று காட்டினார். அங்கே கூட்டலும் இல்லை, பெருக்கலும் இல்லை. சார்பு மட்டும் இருக்கிறது. தாம் கண்டதற்கு மேட்ராய்டு என்று பெயரிட்டார், மேட்ரிக்ஸ் போன்றது என்னும் பொருளில். ஈற்றில் உள்ள ஆய்டு, உருவம் என்னும் கிரேக்கச் சொல்லின் தேய்வு. அதைப்போல் தோன்றுவது, அதன் இடத்தில் நிற்கத்தக்கது என்பதற்குத் தமிழ் இலக்கணத்தில் சொல் தயாராக இருக்கிறது: போலி. முகம் இருக்க வேண்டிய இடத்தில் முகன் வந்தால் எழுத்துப்போலி. இல்முன் என்பது முன்றில் என்று மாறி நின்றால் இலக்கணப்போலி. அதே வழியில் மேட்ராய்டை அணிப்போலி எனலாம். போலி மருத்துவரையும் போலிச் சான்றிதழையும் நாளிதழில் நாள்தோறும் படிப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். நன்னூல் படித்தவர்கள் சுளிக்கமாட்டார்கள்.